மல்பெரி மரத்தடிக் காதலர்கள்: மேடையேற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நாடகம் போடும் வழக்கம் இன்னும் முழுதாக அற்றுவிடவில்லை. அவற்றுக்காக இளைஞர்கள் எழுதிக் கொண்டுவரும் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பதும் ஒத்திகை நடத்துவதும் என் வேலை. சேராமல் மடிந்த காதலர்களின் கதை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. தலைமுறை மாறியும் அதைக் கெடுக்கும் தவறுகள் மட்டும் மாறவில்லை. வசனத்தை மறப்பது, மைக்குக்கு முதுகு காட்டுவது போன்றவை நாலு ஒத்திகையில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஷேக்ஸ்பியரிடமிருந்து தொடங்குவது

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூலம் ரோமியோவும் ஜூலியட்டும்தான் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நாடகத்துக்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே, உரோமானியக் கவிஞர் ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் நான்காம் பகுதியில் பாபிலோன் நகரத்துப் பிரமஸ், திஸ்பி என்னும் காதலரின் கதையைச் சொல்லிவிட்டார். அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த இருவரும் பெற்றோரின் தடையால் பொதுச்சுவரின் விரிசல் வழியே மட்டும் பேசிக்கொள்கிறார்கள். ஓர் இரவு ஊருக்கு வெளியே, நைனஸ் மன்னனின் கல்லறையருகே நிற்கும் மல்பெரி மரத்தடியில் சந்திப்பதென முடிவு செய்கிறார்கள். முதலில் வந்த திஸ்பி, மாடுகளைக் கொன்ற இரத்தம் வாயில் வழிய நீர் குடிக்க வந்த பெண் சிங்கத்தைக் கண்டு குகைக்குள் ஓடுகிறாள். அவள் நழுவவிட்ட மேலாடையைச் சிங்கம் கிழித்துப் போட, பிறகு வந்த பிரமஸ் அதைக் கண்டு அவள் மாண்டாள் என்று எண்ணித் தன்னையே குத்திக்கொள்கிறான். அவன் இரத்தம் பட்டு மரத்தின் வெண்ணிறப் பழங்கள் கருஞ்சிவப்பாகின்றன. திரும்பி வந்த திஸ்பியும் அதே வாளில் விழுகிறாள். காவியத்துக்குள் இதைச் சொல்லும் பெண், கம்பளி நூற்றுக்கொண்டே, பலரும் அறியாத கதை என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுப்பதாகக் கூறுகிறாள்.

அந்தக் கதை இத்தாலிய உரைநடைக் கதைகளுக்குப் பல கூறுகளைக் கொடுத்தது. அவற்றின் வழிவந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டு ஆங்கில நெடுங்கவிதையை வைத்துத்தான் ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தை எழுதினார். அதே காலத்தில் அவர் எழுதிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில் ஒரு நெசவாளியும் தையற்காரனும் தச்சர்களும் சேர்ந்து, கோமகன் முன் பிரமஸ், திஸ்பி கதையையே நடித்துக் காட்டுகிறார்கள். உழைக்கும் மக்கள் வேலை முடிந்து கூடி நாடகம் போடும் அந்தக் காட்சியைத் தோட்டத்து நடிகர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

வில்லனைச் சேர்ப்பது

வேண்டாம். ஓவிட்டின் கதையில் அடியாளும் இல்லை, துரோகியும் இல்லை.

சபையிடம் உண்மையை மறைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மற்றவை காட்சியைக் கெடுக்கும், இது நாடகத்தையே கொன்றுவிடும். திஸ்பி உயிரோடு இருப்பதைப் பார்வையாளர்களுக்குக் காட்டாமல், கடைசியில் அவளைத் திடீரெனக் கொண்டுவந்து அதிர்ச்சி தரலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். கேட்டால், “சஸ்பென்ஸ் வேணும் சார்” என்பதே பதில்.

ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அப்படித்தான் நடந்தது. ஒத்திகையில் நான் சொன்னதை விட்டுவிட்டு, சிங்கம் வரும் நேரத்தில் விளக்கை அணைத்து, ஒலிபெருக்கியில் உறுமலை மட்டும் கேட்க வைத்தார்கள். விளக்கு வந்ததும் மேடையில் கிழிந்த சேலை ஒன்றே கிடந்தது. பிரமஸாக நடித்த தம்பி நல்ல நடிகன். அந்தச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு, ‘நான் முதலில் வந்திருக்க வேண்டும், உன்னை நானே கொன்றேன்’ என்று குரல் உடைந்து பேசினான். ஆனால், அவள் இறந்தே விட்டாள் என்று நம்பிய சபைக்கு அது ஒரு சாதாரண ஒப்பாரியாகத்தான் பட்டது. அவன் விழுந்த பிறகு திஸ்பி வந்து நின்றபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி உரக்கக் கேட்டார்: “இந்தப் புள்ள இவ்வளவு நேரம் எங்க போயிருந்துச்சு?” சபை முழுதும் சிரித்தது. கதையின் மிகக் கனமான நிமிடம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

பாட்டி கேட்டதில் தவறே இல்லை. ஓவிட் எதையும் மறைப்பதில்லை. அவள் குகைக்குள் ஓடுவதையும் சிங்கம் வெறும் துணியைக் கிழிப்பதையும் நமக்குக் காட்டிவிட்டுத்தான் பிரமஸை அழைத்து வருகிறார். ஆகையால் அவன் மணலில் சிங்கத்தின் காலடியைக் காணும் கணம் முதல், ‘சற்றுப் பொறு’ என்று நம் மனம் பதறுகிறது. பிறகு அவர் அதையே திருப்பிப் போடுகிறார்: தான் தப்பித்த ஆபத்தைக் காதலனிடம் சொல்லும் ஆவலோடு திஸ்பி ஓடி வருகிறாள், இடம் சரியாக இருந்தும் மரத்துப் பழங்களின் நிறம் மாறியிருப்பதைக் கண்டு இது அதே மரம்தானா என்று தயங்குகிறாள், நிறம் ஏன் மாறியது என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இந்தப் பழங்கதை இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு, காதலர் அறியாததைச் சபை அறிந்திருப்பதே காரணம் என்பது என் முடிவு. ஷேக்ஸ்பியர் முன்னுரையிலேயே இருவரும் சாவார்கள் என்று சொல்லிவிடுகிறார். ஜூலியட் குடித்தது உறக்க மருந்து என்பதும், அதை விளக்கும் கடிதம் கொள்ளைநோய்த் தடையால் போய்ச் சேரவில்லை என்பதும் ரோமியோவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதே கதையை நியூயார்க் தெருக்களுக்குக் கொண்டுவந்த 1957ஆம் ஆண்டு இசை நாடகமான ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யிலும், காதலி கொல்லப்பட்டாள் என்ற பொய்யைக் கேட்டு நாயகன் வெளியே ஓடும்போது, அது பொய் என்று சபைக்குத் தெரியும். ஊரும் உடையும் மொழியும் மாறின. இந்த ஏற்பாட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆகவே, திஸ்பியை மேடையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். மேடையின் ஓரத்தில் இரண்டு பலகைகளைச் சாய்த்துக் குகையாக்கி, மங்கிய விளக்கில் அவளை உட்கார வையுங்கள். வேறொரு தோட்டத்தில் இப்படிச் செய்தபோது பிரமஸ் வாளை உருவியதும், “தம்பி, அவசரப்படாத, புள்ள அங்க இருக்கு!” என்று ஓர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

சுவரைத் துணியில் வரைவது

சுவர் வெறும் பின்னணி அன்று. காதலர் அதைத் திட்டுகிறார்கள், பிறகு பேச்சையாவது விடுகிறதே என்று நன்றி சொல்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழ்ந்த பழைய லயத்து வீடுகளில் இரு குடும்பங்களுக்கு நடுவே நின்ற பலகைத் தடுப்பை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு இருமலும் குழந்தையின் அழுகையும் அதன் வழியே கேட்கும். அப்படி ஒரு பலகைத் தடுப்பைச் செய்து வையுங்கள். தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளின் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் புரியும்.

எல்லாச் சாவையும் ஒரே கதையாக்குவது

மதுரைவீரன் கோயில் உள்ள தோட்டங்களில், பிரமஸையும் மதுரைவீரனையும் ஒன்றாக்கி எழுதும் ஆசை வருகிறது. அது இரு கதைகளுக்கும் செய்யும் அநீதி. பொம்மியைக் கவர்ந்து சென்ற மதுரைவீரன் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் கழுவேற்றப்பட்டான். அங்கே கொன்றது அதிகாரமும் சாதியும். அதனால்தான் அவர்கள் தெய்வமாக நின்று கேள்வி கேட்கிறார்கள். பிரமஸைக் கொன்றது அவனே செய்துகொண்ட தவறான முடிவு.

நம் மரபில் பிரமஸுக்கு அருகில் வருபவன் அம்பிகாபதி. சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல்கள் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது அவனுக்கு விதித்த நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறு முடிந்தது என்று எட்டிப் பார்க்க, அவளைக் கண்டு அவன் அவளைப் பாடிவிடுகிறான். கிழிந்த துணியும் தப்பிய எண்ணிக்கையும் கதையில் செய்யும் வேலை ஒன்றே. 1937லும் 1957லும் திரைப்படமாக வந்த கதை என்பதால் எங்கள் முதியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

இரத்தம்

ஒரு கைப்பிடிக் குங்குமம் போதும்.

மல்பெரியை மாற்றுவது

வெண்ணிறப் பழம் இரத்தம் பட்டுக் கருஞ்சிவப்பானது என்று சொல்லத்தான் ஓவிட் இந்தக் கதையை எடுத்தார். ஆகவே மரத்தை மாற்றலாம், மாற்றத்தை விடக்கூடாது. ஒரு பிரதியில் அது ரப்பர் மரமாகி, பால் சிவப்பாக வடிந்தது. தினமும் பால் மரம் சீவியவர்கள் அதை ஒரு கணமும் நம்பமாட்டார்கள். பச்சையாக இருந்து கருஞ்சிவப்பாகப் பழுத்து, தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாத மங்குஸ்தான் இங்கே பொருந்தும்.

சாவோடு திரையை இறக்குவது

காதலுக்காக உயிர் விடுவதே உயர்வு என்று முழங்கும் வசனங்களை நான் அடித்துவிடுகிறேன். பிள்ளையை இழந்த பெற்றோர் அதே சபையில் உட்கார்ந்திருக்கலாம். மனம் உடைந்த ஒரு பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். ஓவிட் கதையைச் சாவில் முடிக்கவில்லை. தங்களை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற திஸ்பியின் கடைசி வேண்டுதல் தெய்வங்களையும் பெற்றோரையும் தொட்டது என்றும், இருவரின் சாம்பலும் ஒரே கலசத்தில் சேர்ந்தது என்றும் சொல்கிறார். மகனையும் மகளையும் தடுத்த பெற்றோர் மேடைக்கு வந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு வசனம் தேவையில்லை. நேரம் போதவில்லை என்பவர்கள், சுவர்க் காட்சிக்கு முன் செருகிய திரைப்பாட்டை எடுத்துவிடலாம்.