நாற்றத்துக்கும் தேதி எழுதுங்கள்: எண்ணூர் ஜெராக்ஸ் கடையிலிருந்து

வடசென்னையில், எண்ணூர் ரயில் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு நகல்களோடு குப்பத்து மக்களின் மனுக்களும் என் மெஷினுக்குள் போய் வரும். ஒருநாள் மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, என்னாத்துக்கோ கூட்டமாம். படிச்சு சொல்லு." அது கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்பு, அதாவது ஆலை போன்ற பெரிய திட்டம் வரும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம். தமிழில்தான் இருந்தது. ஆனாலும் அதன் பொருளை அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன். சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மார்கழி இரவு தெருவெல்லாம் ஒரு வாடை. கண் எரிந்தது, என் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். காலையில் புகார் கொடுக்கப் போனேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. புகாரை வாங்காமலே அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதனால் தேதி, மணி, நீங்கள் நின்ற இடம், காற்றின் திசை, வாடை எதைப் போல (அழுகின முட்டையா, பெயின்ட்டா, பிளீச்சிங் பவுடரா), எப்போது அடங்கியது, யார் உடம்புக்கு என்ன செய்தது, இத்தனையும் எழுதுங்கள். திசை தெரியாவிட்டால் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்து எங்கள் எண்ணூரின் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடியபோது, யார் எத்தனை மணிக்கு விழித்தார்கள் என்பதுதான் பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004-லேயே ஒரு படி மேலே போய், வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நீங்கள் போனில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கி, அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டையும் நோட்டில் குறியுங்கள். குறியீட்டு எண் வேறு, நுண்துகளின் அளவு வேறு: பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக நம் நாடு அனுமதிப்பது கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்னது 15.

அடுத்து, ஆற்றுக்குப் போங்கள். கேமராவோடு தனியாகப் போகாமல், எங்கள் கொசஸ்தலை ஆற்றில் தொழில் செய்பவரோடு போங்கள். பறி என்னும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் துழாவி எறா பிடிக்கும் இருளர் பெண்களிடம் கேட்டால், காலுக்கடியில் சேறு எங்கே முடிந்து சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் உடைந்து உடைந்து ஆறு மேடாகிப்போனது. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் போகிறது, சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. சுற்றுச்சூழல் நீதி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் வட கரோலினாவின் வாரன் கவுன்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தில் 1982-ல் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைத்தபோது, எதிர்த்தவர்கள் லாரிகளின் முன்னால் சாலையில் படுத்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண்ணைக் கொட்டுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் ஏன் எப்போதும் எங்கள் பக்கமே என்ற கேள்வியை நாடு முழுக்கக் கேட்க வைத்தார்கள். சென்னையின் குப்பை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போவதைப் பார்க்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பிறகு தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய் கட்டணம். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் பதிலே வராது, "நகல் தருக" என்று கேளுங்கள். ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணை, கடைசி ஆய்வு அறிக்கை, அனுப்பிய நோட்டீஸ், இவற்றின் நகல்கள். எவ்வளவு கழிவுநீர் விடலாம், புகைபோக்கி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இசைவாணையிலேயே இருக்கும். உங்கள் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் 30 நாள்தான். ஸ்பீடு போஸ்ட் ரசீதை மனு நகலோடு பின் அடித்து வையுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். முழு அறிக்கை கலெக்டர் ஆபீசில் பார்வைக்குக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்த்து மிரள வேண்டாம். முதலில் வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊர் அதில் இருக்கிறதா, ஆறு ஆறாகவே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, காற்றையும் நீரையும் எந்த மாதங்களில் அளந்தார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவமாகத்தான் இருக்கும். வெள்ளம் வரும் ஊருக்கு அது போதுமா என்று கூட்டத்தில் கேளுங்கள். நேரில் வர முடியாதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். எத்தனை பேர் வந்தாலும் கூட்டம் செல்லும், ஆகவே போகாமல் இருப்பதால் எதுவும் நிற்காது. முக்கியமாக, பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பேசியதன் பதிவைக் கடைசியில் மக்கள் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். அதன் பிறகுதான் தலைமை தாங்கும் அதிகாரி கையெழுத்து. நான் மேலே சொன்ன அக்கா ஒரு கூட்டத்தில் எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். "நான் நண்டைப் பத்தி சொன்னது எங்க? அதையும் எழுதுங்க சார்." எழுதிச் சேர்த்த பிறகுதான் எழுந்தார்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் மனு போடலாம், ஆனால் நல்ல வழக்கறிஞர் துணை கிடைத்தால் விடாதீர்கள். பாதிப்பு தொடங்கி 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை எதிர்க்க 30 நாள். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் வரை தரலாம். சாம்பலை எதிர்த்து எங்கள் மீனவர்கள் தொடுத்த வழக்கில் ஆற்றைச் சீரமைக்கச் சொல்லி 2022-ல் உத்தரவு வந்தது. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய தாள் அது. சாம்பலைத் தோண்டி அள்ளும் வேலையைக் கண்காணிக்க இன்னமும் ஆள் வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே மைக் பிடிக்க வேண்டாம். டைப் அடித்துக் கொடுங்கள், ஆங்கிலத் தாளைத் தமிழில் சொல்லுங்கள், பெரியவர்களை ஆபீசுக்குக் கூட்டிப் போய் வாருங்கள். எப்போது சாலையில் உட்காருவது என்பதை ஊர் முடிவு செய்யட்டும். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே 22-லும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வழக்கும் தழும்பும் ஊர்க்காரர்கள்மேல்தான் நிற்கும். போராட்ட நாளில் ஒரு வழக்கறிஞரின் எண்ணைப் பேனாவால் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், போன் பறிபோகலாம்.

நோட்டை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டி அதோடு தொங்கவிடுங்கள். ராத்திரி வாடை வரும்போது இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.