மேஃபிளவர் கப்பலில் வந்த ஒரு குடும்பத்தின் கொடிவழியைத் தேடும் முறை

1620-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத்துக்குச் சென்று குடியேறியவர்களுள் ஜான் ஹவ்லண்டும் ஒருவர். புயலில் கடலுக்குள் விழுந்து, கப்பலிலிருந்து தொங்கிய பாய்மரக் கயிற்றைப் பற்றி உயிர் பிழைத்த அவருக்கும், அவருடைய மனைவி எலிசபெத்துக்கும் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆவணங்கள் ஓரளவு நன்றாகவே எஞ்சியிருப்பதால், தொடக்கநிலையினர் கற்றுக்கொள்ள இக்குடும்பம் ஏற்றது.

முதற்படி, இன்று வாழ்பவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதாகும். ஹவ்லண்ட் என்ற குடும்பப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஜானிடமிருந்து கீழே இறங்கி வரக் கூடாது. ஏனெனில் அவருடைய சகோதரர்களான ஹென்றியும் ஆர்தரும் பின்னாளில் வேறு கப்பலில் வந்து அதே குடியேற்றத்தில் வாழ்ந்தார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களுக்கும் இதே குடும்பப்பெயர்தான்.

இரண்டாம் படியாக, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தரும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு இவற்றைத் தேடலாம். 1880 முதல், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் குடும்பத்தலைவருக்கு என்ன உறவு என்பது குறிக்கப்பட்டிருக்கும். 1850 முதல் அடிமைகள் அல்லாத அனைவருடைய பெயர்களும் எழுதப்பட்டன. 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளிலோ குடும்பத்தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. அந்த இடைவெளியை நிரப்ப, பிளிமத் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் உதவும்.

மூன்றாம் படி உயில்கள். என் கருத்தில், இத்தேடலின் உயிர்நாடியே இவைதான். பெண்கள் திருமணத்தோடு குடும்பப்பெயர் மாறி மறைந்துவிடும் இடத்தில், தாயோ தந்தையோ எழுதிய உயில் அவர்களை மீட்டுத் தருகிறது. எலிசபெத் ஹவ்லண்ட் 1686 டிசம்பரில் எழுதிய உயிலில் லிடியா பிரவுன், எலிசபெத் டிக்கன்சன், ஹன்னா பாஸ்வொர்த் என மகள்களைப் புகுந்த வீட்டுப் பெயருடன் குறிப்பிடுகிறார். மூன்று கிளைகளுக்கான வழி அந்த ஒரே ஆவணத்தில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அக்காலச் சொற்களை இன்றைய பொருளில் படித்துவிடாதீர்கள். 'மதர்-இன்-லா' என்பது மாற்றாந்தாயையும் 'கசின்' என்பது உடன்பிறந்தாரின் பிள்ளையையும் குறித்திருக்கலாம். ஒருவர் 'சீனியர்', மற்றவர் 'ஜூனியர்' என்றிருந்தால் அவர்கள் தந்தையும் மகனும் என்று முடிவு செய்ய முடியாது. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்தவும் அப்படி எழுதினார்கள்.

தேதிகளிலும் கவனம் தேவை. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஜான் ஹவ்லண்ட் 1672 பிப்ரவரி 23 அன்று இறந்ததாகப் பிளிமத் பதிவேடு கூறினால், அது நம் கணக்கில் 1673. இரண்டையும் சேர்த்து 1672/3 என்று எழுதிக்கொள்வதே முறை; இல்லையெனில் தந்தை இறந்து நெடுநாள் கழித்துப் பிள்ளை பிறந்ததுபோன்ற குழப்பங்கள் தோன்றும்.

அடுத்து, வழிவழியாகச் சொல்லப்படுவதைச் சரிபாருங்கள். எலிசபெத், பிளிமத்தின் ஆளுநர் ஜான் கார்வரின் குடும்பத்துப் பெண் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹவ்லண்ட் கார்வரின் பணியாளாகக் கப்பலேறியவர் என்பதால் அது பொருத்தமாகவும் தோன்றியது. பின்னாளில் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் அக்குடியேற்றத்தைப் பற்றி எழுதி, காணாமற்போயிருந்த வரலாற்றுக் கையெழுத்துப்படி 1855-இல் லண்டன் ஆயரின் ஃபுல்ஹாம் நூலகத்தில் அடையாளம் காணப்பட்ட பிறகே, எலிசபெத் உடன்பயணி ஜான் டில்லியின் மகள் என்பது தெளிவானது. உடன் வாழ்ந்தவரே எழுதிய ஒரு வரி, தலைமுறைகளாகப் பேசப்பட்ட செய்தியை மாற்றியது. ஆகவே இணையத்தில் காணும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் எதிரே அதை நிறுவும் ஆவணத்தின் பெயரையும் பக்கத்தையும் எழுதி வையுங்கள்.

மேஃபிளவர் வழித்தோன்றல்களின் பொதுச் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளை ஆய்ந்து தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. உங்கள் சங்கிலி அதில் உள்ள ஒருவரைத் தொட்டுவிட்டால், எஞ்சிய தொலைவு எளிதாகிவிடும். இங்கிலாந்துப் பதிவேடுகளுக்கு அதன் பின்னரே செல்லுங்கள். பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில், 1607 ஆகஸ்ட் 30 அன்று ஞானஸ்நானம் பெற்ற எலிசபெத் டில்லியின் பெயரை அப்போது நீங்கள் உறுதியுடன் படிக்கலாம்.