ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) செலவில் நாங்கள் செய்த தவறுகள்

மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அதே வாரம், பதற்றத்தில் ஒரு தனியார் மையத்தில் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினோம். தள்ளுபடி உண்டு என்றார்கள். இரண்டாவது மாதமே தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போனார். புதியவரிடம் பையன் ஒட்டவில்லை, பணமும் திரும்பவில்லை. வருடக்கணக்கில் ஓடும் செலவு இது. மாதாமாதம் கட்டுங்கள், போதும்.

இதைவிடப் பெரிய தவறு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குவதைத் தள்ளிப்போட்டது. "பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க" என்று வீட்டில் பயந்தார்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பயத்திலேயே இரண்டு வருடம் போய்விட்டது. சான்றிதழ் இருந்தால்தான் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்யும் தெரபிக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. முதலில் நாம் கட்டி, பில் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். அதனால் துண்டுச்சீட்டு ரசீதை ஏற்காதீர்கள், முதல் நாளே முறையான பில் கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பிள்ளையின் குறைபாட்டுக்குச் சான்று இருந்தால், பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள் வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000.

அரசு இடங்களை எட்டிப் பார்க்காமலே ஒதுக்குவதும் தவறுதான். டி.இ.ஐ.சி. என்கிற அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை சிகிச்சை இலவசம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட் (NIEPMD) இருக்கிறது. காத்திருக்க வேண்டி வரலாம், சரி. தனியாரிடம் போய்க்கொண்டே அங்கே பெயரைப் பதிந்து வைக்கலாமே.

அப்புறம், செஷன் கூடினால் முன்னேற்றமும் கூடும் என்று நம்பி வாரம் ஐந்து நாள் போனோம். கதவுக்கு வெளியே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதே இல்லை. கேட்ட பிறகுதான் புரிந்தது: மாவு பிசைவது, பயறு பொறுக்குவது, பொத்தான் போடுவது என்று பாதி வேலை வீட்டிலேயே நடக்கக்கூடியது. எதை, எத்தனை நிமிடம், எப்படி என்று தெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்கினோம். அவர் ஒப்புதலோடு வாரம் இரண்டு செஷனாகக் குறைத்தோம். மிச்ச நாட்களில் சப்பாத்தி மாவு அவன் பொறுப்பு.