பெசராபியா 1918: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்யப் புரட்சியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்தபோதே பேரரசின் தென்மேற்கு மூலையில் ரூமேனியப் படை நுழைந்த கதையைத் தொடுபவர்கள் குறைவு. தொடுபவர்களும் "ரூமேனியா பெசராபியாவைப் பிடித்துக்கொண்டது" என்றோ "பெசராபியா தாயகத்தோடு சேர்ந்தது" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் நான் ஏற்பதில்லை. ஜனவரியில் படை வந்தது, ஏப்ரலில் இணைப்புத் தீர்மானம் நிறைவேறியது. நடுவே கிடக்கும் பத்து வாரங்களை இந்த இரண்டு வரிகளும் விழுங்கிவிடுகின்றன.

முதலில் தேதி. அங்கே அப்போது புழக்கத்தில் இருந்தது பழைய ஜூலியன் நாட்காட்டி; நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. நான் முதன்முதலாகக் காலவரிசை தயாரித்தபோது, தலைநகர் கிஷினாவில் படை நுழைந்ததை ஜனவரி 13 என்று ஒரு வரியிலும் ஜனவரி 26 என்று இன்னொரு வரியிலும் எழுதிவைத்திருந்தேன். இடையில் படை பின்வாங்கியிருக்குமோ என்று இரண்டு நாள் தேடினேன். இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யா 1918 பிப்ரவரியில் புதிய நாட்காட்டிக்கு மாறியது, ரூமேனியா 1919 ஏப்ரலில்தான் மாறியது. ஆகவே ஓர் ஆவணம் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதன் தேதியை எடுக்காதீர்கள். இங்கே நான் தருவதெல்லாம் புதிய கணக்கு.

அடுத்து இடம். பெசராபியா என்பது புரூத் ஆற்றுக்கும் நீஸ்டர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம். 1812-இல் ரஷ்யா அதை மால்டேவியச் சிற்றரசிடமிருந்து பிரித்தெடுத்தது. மீதி மால்டேவியா பின்னாளில் ரூமேனியாவின் பகுதியானது. இன்றைய மால்டோவா குடியரசும் பெசராபியாவும் ஒன்றல்ல. பெசராபியாவின் வடமுனையும் கருங்கடலோரத் தென்பகுதியும் இப்போது உக்ரைனில் இருக்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களும் ஒரே இனத்தார் அல்லர். 1897 கணக்கெடுப்பின்படி மால்டேவியர் 47.6 விழுக்காடு, உக்ரைனியர் 19.6, யூதர் 11.8, ரஷ்யர் 8. பல்கேரியரும் ஜெர்மானியரும் ககாவுஸ் மக்களும் கணிசமாக இருந்தார்கள். "மக்கள் விரும்பினார்கள்" என்று எழுதும் முன் எந்த மக்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அதிகம் பிழைபடும் இடம், படையை அழைத்தது யார் என்பது. 1917 டிசம்பரில் கிஷினாவில் 'ஸ்ஃபாத்துல் த்செரி' என்ற நாட்டு மன்றம் கூடி மால்டேவிய ஜனநாயகக் குடியரசை அறிவித்தது. அது ரஷ்யக் கூட்டாட்சிக்குள் அமைந்த குடியரசு. ரூமேனியாவோடு சேர்வதைப் பற்றி அந்த அறிவிப்பில் பேச்சில்லை. மன்றத்தின் தலைவர் இயோன் இன்குலெட்ஸ். 1918 ஜனவரியில் போல்ஷெவிக் ஆதரவுப் படைக்குழு நகரைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. மன்றத்தாரில் ஒரு பகுதியினர் யாஷ் நகரில் இருந்த ரூமேனிய அரசிடம் உதவி கேட்டார்கள். அதே மன்றத்தின் பெயரில் படை வருவதை எதிர்த்தும் தந்தி போனது. "மன்றம் அழைத்தது" என்பதும் அரை உண்மை, "மன்றம் எதிர்த்தது" என்பதும் அரை உண்மை.

ரூமேனியாவுக்குத் தன் சொந்தக் காரணமும் இருந்தது. இதை விட்டுவிட்டால் கதையே புரியாது. முதல் உலகப் போரில், 1916 டிசம்பரில், தலைநகர் புக்கரெஸ்ட் ஜெர்மானியர் கையில் விழுந்தது. அரசும் படையும் அகதிகளும் மால்டேவியாவின் மீதி நிலத்தில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். உங்கேனியில் புரூத்தைக் கடந்து கிஷினாவ், பெந்தர் வழியாக ஒடெசாவுக்குப் போகும் ரயில் பாதையும், பெசராபியாவில் இருந்த தானியக் கிடங்குகளும்தான் அவர்களின் உயிர்நாடி. ரூமேனியப் போர்முனையில் கலைந்துகொண்டிருந்த ரஷ்யப் படை திரும்பிப் போனதும் அந்த வழியாகத்தான். தளபதி பிரெசானின் அறிக்கையும் ஒழுங்கை நிலைநாட்டிவிட்டுத் திரும்புவோம் என்றே சொன்னது. ஜனவரி 26 அன்று ஜெனரல் ப்ரோஷ்டேயனுவின் 11-ஆம் டிவிஷன் கிஷினாவுக்குள் வந்தது. அதற்கு முன் வந்த சிறு பிரிவுகளின் முயற்சி தோற்றிருந்தது. பெந்தரில் கடும் சண்டையும் நடந்தது. எதிர்ப்பே இல்லை என்று எழுதுவது தவறு. படைக்கு எதிராக நின்றவர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

பிப்ரவரி 6 அன்று மன்றம் முழு விடுதலையை அறிவித்தது. இதைப் படையின் நெருக்கடி என்று மட்டும் எழுதுபவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. சில நாள் முன்புதான் உக்ரைன் தனி நாடானது; பெசராபியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே நிலத்தொடர்பு அற்றுப்போயிருந்தது. மார்ச்சில் ரூமேனியப் பிரதமர் அவெரெஸ்கு, சோவியத் தரப்பின் ரக்கோவ்ஸ்கியோடு ஓர் உடன்பாடு செய்தார்: இரண்டு மாதத்தில் படை வெளியேறும், கிடங்குகளையும் ரயில் பாதையையும் காக்க 10,000 பேர் மட்டும் இருப்பார்கள். சில நாளில் ஒடெசா ஆஸ்திரிய, ஜெர்மானியப் படைகளிடம் போனது. உடன்பாடு காகிதத்தோடு நின்றது.

ரூமேனியாவோடு இணைவதற்கான ஏப்ரல் 9 வாக்கெடுப்பை "86-க்கு 3" என்று எழுதுவது இன்னொரு தவறு. 36 பேர் நடுநிலை வகித்தார்கள், 13 பேர் வரவில்லை. நடுநிலை வகித்தவர்களில் ஜெர்மானிய, பல்கேரியப் பிரதிநிதிகள், தங்கள் மக்கள் தங்களுக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்றார்கள். வாக்கு பகிரங்கமாக எடுக்கப்பட்டது. நகரில் ரூமேனியப் படை இருந்தது. அதற்காக 86 பேரும் மிரட்டலுக்குப் பணிந்தார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. நிலச் சீர்திருத்தம், தன்னாட்சி உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் இணைந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மன்றமே நிபந்தனைகளைக் கைவிட்டது. அந்த இரண்டாவது கூட்டத்தைச் சொல்லாமல் முதல் கூட்டத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

இணைப்பை ஏற்றுக்கொண்ட 1920 பாரிஸ் ஒப்பந்தத்தோடு எல்லாம் தீர்ந்தது என்றும் எழுதாதீர்கள். ஜப்பான் அதை உறுதிசெய்யவில்லை, சோவியத் அரசு ஏற்கவே இல்லை. 1940 ஜூனில் இறுதி எச்சரிக்கை கொடுத்துப் பெசராபியாவை எடுத்துக்கொண்டது.

படை கிஷினாவில் நுழைந்த அதே ஜனவரி 26 அன்று பெட்ரோகிராடில் இருந்த சோவியத் அரசு ரூமேனியாவோடு உறவை முறித்தது. போர்க்காலப் பாதுகாப்புக்காக மாஸ்கோவுக்கு அனுப்பியிருந்த 90 டன்னுக்கு மேற்பட்ட ரூமேனியத் தங்கத்தையும் முடக்கியது. கலைப்பொருள்களில் ஒரு பகுதி 1956-இல் திரும்பி வந்தது. தங்கத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 2024 மார்ச்சிலும் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.