பெருமையை ஃப்ளெக்ஸில் ஏற்றும் முன்: மதுரைப் பக்கத்து விழாக் குழுக்களுக்கு

மதுரையைச் சுற்றி ஒரு காதணி விழா வந்தாலே நாலு ஃப்ளெக்ஸ் நிற்கும். ஊர்ப் பொங்கல், முளைப்பாரி, புரவி எடுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். பலவற்றில் ஏதாவது ஒரு பெருமை ஏறியிருக்கும்: தமிழ்ப் பெருமை, ஊர்ப் பெருமை, சாதிப் பெருமை. எழுதுகிறவர் மூன்றையும் ஒரே மனதோடு எழுதுகிறார். படிக்கிறவர் அப்படிப் படிப்பதில்லை. "இது எங்க மண்ணு" என்று கீழடி அருங்காட்சியக வாசலில் எழுதியிருந்தால் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். காலனிக்குத் திரும்பும் முக்கில் அதே எழுத்து நின்றால் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போகும். பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களின் கொட்டகைக்கு எதிரே நின்றால் அது மிரட்டல்.

எழுத்தை அச்சுக்குக் கொடுக்கும் விழாக் குழுவுக்கும், அதை வடிவமைக்கும் தம்பிகளுக்கும் இந்தக் குறிப்பு.

"அவங்க போட்டா பெருமை, நாங்க போட்டா வெறியா?"

இந்தக் கேள்வி எழாத குழுவே கிடையாது. அதட்டி அடக்க வேண்டாம், உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி நிறத்தை வைத்து எழுகிறது. 1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வென்ற கறுப்பின அமெரிக்கர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். உடனே அவர்களை அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அந்தக் கை உரிமைக்காக உயர்ந்த கையாக மதிக்கப்படுகிறது. அதே நாட்டில் 'வெள்ளையர் பெருமை' என்று சட்டையில் எழுதிக்கொண்டு போனால் கறுப்பினத்தவரை மிரட்டிக் கொன்ற கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறி அமைப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அயர்லாந்து வம்சாவளியினர் தங்கள் புனித பாட்ரிக் திருநாளான மார்ச் 17 அன்று பச்சை உடுத்தி ஊர்வலம் போகும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை, அவர்களும் வெள்ளையர்தான். அயர்லாந்துக்காரர் தன் ஊரையும் பாட்டையும் திருநாளையும் கொண்டாடுகிறார். 'வெள்ளையர்' என்ற ஒட்டுமொத்த அடையாளமோ யாரை அடிமையாக வைக்கலாம், யாரை வைக்கக் கூடாது என்று பிரிக்கப் பயன்பட்ட கோடு. கறுப்பினத்தவருக்கு ஊர், மொழி, குலப்பெயர் எல்லாம் அடிமைக் கப்பலோடு போயின. எந்த நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்த நிறத்தையே அவர்கள் நிமிர்த்திப் பிடித்தார்கள்.

சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனால் படிக்கிறவர் மனதில் நடப்பது ஒன்றுதான். மேலே இருந்தவர் சொல்லும் பெருமை 'மறுபடியும் உன்னை அங்கேயே வைப்போம்' என்று கேட்கிறது. கீழே வைக்கப்பட்டவர் சொல்லும் பெருமை 'இனி அங்கே இருக்க மாட்டோம்' என்று கேட்கிறது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சாதியில் பிறந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். ஒரு சமூகம் முதல்முறையாகத் தன் பெயரை வண்டியில் பார்த்து மகிழ்ந்தது. அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏற மாட்டோம் என்று வேறு சிலர் மறுத்தார்கள், தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அந்த ஆண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் இருந்த மாவட்டம் சிவகங்கை ஆனதும், காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனதும் அப்போதுதான். தலைவர் பெயர் போட்ட பேருந்துகள் அதற்கு முன்பும் ஓடின. ஒரு பெயர் மட்டும் ஏன் உறுத்தியது என்று குழுவில் பேசிப் பாருங்கள்.

மேல், கீழ் என்பது மாநிலம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஓர் ஊரில் ஒடுக்கப்படும் சமூகம் அடுத்த ஊரில் நிலமும் கண்மாய்ப் பாசனமும் கையில் வைத்திருக்கும். ஒவ்வொரு படிக்குக் கீழேயும் இன்னொரு படி உண்டு. ஆகவே பொதுவாகப் பேசாமல் உங்கள் ஊரை அளந்து பாருங்கள். கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு? சாமி சப்பரம் எந்தத் தெருவுக்குள் போவதில்லை? சாவடியில் யார் உட்காரலாம், யார் நின்றே பேசுகிறார்கள்? ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதியானபோது ஊர் என்ன செய்தது? மேலூர் அருகே மேலவளவில் அப்படித் தலைவரான முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். உத்தப்புரத்தில் பட்டியல் சாதியினரையும் மற்றவர்களையும் பிரித்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிந்து வழி திறந்தது. இப்படிப்பட்ட நினைவு இருக்கும் வட்டாரத்தில் நீங்கள் எழுதுவது வெற்றுச் சுவரில் எழுதுவதாக இருக்காது. மேற்சொன்ன கேள்விகளுக்கு விடை உங்கள் பக்கமே சாய்ந்தால், உங்கள் வாசகத்தை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள்.

வாசகத்தைத் திருத்துவது

வாக்கியத்துக்குள் இரண்டாவது ஆள் ஒளிந்திருக்கிறாரா என்று தேடுங்கள். 'ஆண்ட பரம்பரை' என்றால் ஆளப்பட்டவர் ஒருவர் வேண்டும், அவர் எதிர்த் தெருவில் இருக்கிறார். 'சீண்டிப் பார்', 'எங்க ஏரியா', 'அடங்க மறு' எல்லாம் யாரையோ பார்த்துச் சொல்வது. அந்த ஆளை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்குமா? நின்றால் அச்சுக்குப் போகலாம்.

எடுத்ததற்குப் பதில் எதைப் போடுவது என்பதில்தான் பல குழுக்கள் திணறுகின்றன. செய்த வேலையைப் போடுங்கள். "ஆண்ட பரம்பரை மீண்டும் ஆளும்" என்பதற்குப் பதில் "எங்கள் பாட்டன்மார் கரை கட்டிய கண்மாய், இந்த ஆண்டு தூர்வாரியது எங்கள் தெரு". "வீரம் விளைஞ்ச மண்ணு" என்பதோடு நிறுத்தாமல் யார், எந்த ஆண்டு, என்ன செய்தார் என்று ஒரு வரி. முதல் பட்டதாரி, மாநில அணியில் ஆடிய கபடி வீராங்கனை, நாற்பது ஆண்டு சத்துணவு சமைத்த அக்கா, இவர்கள் படத்தோடு வைத்த பலகையைப் பார்த்து எந்தத் தெருவும் சண்டைக்கு வராது. துல்லியமான பெருமை யாரையும் இடிக்காது. மொட்டையான பெருமைதான் இடிக்கும்.

தமிழ்ப் பெருமை சாதியைக் கடந்தது, அதனால் ஆபத்தில்லாதது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 'வந்தேறி', 'வடக்கன்' என்ற சொற்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. மதுரையில் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். பல நூற்றாண்டுகளாகப் பட்டும் சுங்குடியும் நெய்து சாயமிட்டுவரும் சௌராஷ்டிரர்களின் வீட்டுமொழி தமிழில்லை. 'மதுரை காந்தி' என்.எம்.ஆர். சுப்பராமனும், தமிழ்ப் பாட்டுக்கே குரலாக இருந்த டி.எம். சௌந்தரராஜனும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள். ஊரின் அடையாளமாக ஃப்ளெக்ஸில் போடுகிற மஹாலைக் கட்டிய திருமலை நாயக்கர் தெலுங்கு வழிவந்தவர். சௌராஷ்டிரர்கள் தங்கள் மொழிக்கு விழா எடுத்தால், அது குறைந்துவரும் மொழியைக் காக்கும் முயற்சி என்று படியுங்கள். தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உடையவர்கள் அதைக் காத்துக்கொள்ள அரசமைப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவே உரிமை தருகிறது. வெளிமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் இன்னும் பொறுப்பு வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் அவர்களைத் தாக்குவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனையோ பேர் பயந்து ரயிலேறினார்கள். அந்தப் பயத்தின் மேல் உங்கள் எழுத்து போய் விழக் கூடாது.

வரலாற்றைச் சேர்த்தால் சரிபாருங்கள். கீழடி என்றால் எழுதத்தக்கது நிறைய இருக்கிறது: 2014இல் தொடங்கிய அகழாய்வு, தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், அவற்றில் 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள், கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட காலக்கணிப்பு. 'உலகின் முதல் நாகரிகம்' என்று ஏற்றினால் உண்மையான கீழடியையும் சேர்த்தே சந்தேகப்பட வைக்கிறோம். பானையில் தன் பெயரைக் கீறிய ஆதனை இன்றைய ஏதாவதொரு சாதியின் மூதாதையாக்குவது இன்னும் மோசம். அதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

நிறமும் படமும்

எழுத்தே இல்லாமல் நிறம் பேசும் வட்டாரம் இது. மஞ்சள்-சிவப்பு, சிவப்பு-பச்சை, நீலம்-சிவப்பு என்று இரண்டு பட்டைகள் அருகருகே வந்தாலே படிக்கிறவர் ஒரு சாதியைப் படித்துவிடுவார். வடிவமைப்பவர் வெளியூர்க்காரராக இருந்தால் தெரியாமலே போட்டுவிடுவார். பொது விழாவுக்குப் பட்டைகளைத் தவிர்த்து ஒரே பின்னணி நிறமும் கோயில் கோபுரமோ முளைப்பாரியோ ஒரு படமும் போதும். அரிவாள், வாள், பாயும் சிங்கம் வேண்டாம். குழந்தையின் கையில் அரிவாளை வரைந்து வைப்பதை எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காதணி விழா அந்தப் பிள்ளைக்கு.

10க்கு 8 அடி பலகையில் 25 சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைச் சுமார் 10 அடியிலிருந்து வசதியாகப் படிக்கலாம். சாலைக்கு அந்தப் பக்கம் 50 அடியில் நிற்கிறவருக்கு 5 அங்குலமாவது வேண்டும், தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு 6 நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய எழுத்து மட்டும்தான் தூரத்திலிருந்து தெரியும். "எங்கள் மண்" 10 அங்குலத்திலும் "அனைவரும் வருக" 2 அங்குலத்திலும் இருந்தால், எதிர்த் தெருவுக்கு 'எங்கள் மண்' மட்டுமே போய்ச் சேரும். அழைப்பைப் பெரிதாக்குங்கள்.

அச்சுக்கு முன் மாதிரியைக் கைப்பேசியில் மூன்று பேருக்குக் காட்டுங்கள்: உங்கள் தெருப் பெண் ஒருவர், வேறு சாதி நண்பர் ஒருவர், ஊருக்குப் புதிதாக வந்த ஆசிரியரோ செவிலியரோ ஒருவர். "நல்லாயிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்பார்கள். "இது யாரைப் பார்த்துச் சொல்ற மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது

சொந்தத் தெரு, மண்டபம், கோயில் வளாகம் ஆகியவற்றில் வருகிறவர் விரும்பி வருகிறார். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளி வாசல், பொதுக்குழாய் போன்ற இடங்களில் எல்லோரும் நின்றே ஆக வேண்டும், விலகிப் போக வழியில்லை. இந்த இரண்டாம் வகை இடங்களில் சாதி சார்ந்த எதையும் வைக்காதீர்கள். தலைவர்கள் சிலைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

ஊர்வலம் என்றால் பாதையை முன்கூட்டியே தாளில் வரைந்து காவல் நிலையத்தில் கொடுங்கள். மண்டபத்துக்குள் ஓடினால் கொண்டாட்டமாக இருக்கும் பாட்டு, இன்னொரு தெருவின் தலைமாட்டில் வண்டியை நிறுத்தி ஓடவிட்டால் சவாலாகிவிடும். தெரு முனைக்கு வரும் முன்பே ஒலியைக் குறைத்து, அங்கே சாமிப் பாட்டு அல்லது வெறும் மேளம் என்று ஸ்பீக்கர் ஆளிடம் எழுதியே கொடுங்கள். ஆட்டம் சூடேறிய பிறகு வாயால் சொன்னது எடுபடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடிக்கும், அக்டோபர் 30 தேவர் குருபூஜைக்குப் பசும்பொன்னுக்கும் வண்டிகள் போகிற நாட்கள். அந்த வாரங்களில் மற்ற விழாப் பலகைகளைச் சாலையோரம் வைக்காமலிருப்பது நல்லது.

ஜல்லிக்கட்டு மைக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2017இல் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் மக்கள் உட்கார்ந்தது தமிழர் என்ற பெயரில். வாடிவாசலில் மாட்டுக்காரர் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்த்து அறிவித்தால் அந்தப் பொதுப்பெயர் உடைகிறது. அறிவிப்பாளரிடம் கொடுக்கும் சீட்டில் மூன்று கட்டம் மட்டும் வையுங்கள்: ஊர், உரிமையாளர் பெயர், மாட்டின் பெயர். பட்டம் எழுதுவதற்குக் கட்டமே இல்லாவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை.

பள்ளிப் பிள்ளைகள் சாதி நிறத்தில் கையில் கட்டும் கயிறு விஷயம் சுருக்கமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறு, மோதிரம், சாதியைக் காட்டும் நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யும்படி 2024இல் பரிந்துரைத்தது. கோயிலில் கட்டிய கயிறு என்றால் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆசிரியர் தானே கயிறு கட்டிக்கொண்டு பிள்ளையைக் கண்டித்தால் பலிக்காது.

யாராவது புண்பட்டால்

அன்றைக்கே இறக்குங்கள். "நாங்க அந்த அர்த்தத்துல போடலை" என்ற விளக்கத்தைப் பலகை இறங்கிய பிறகு சொன்னால் கேட்பார்கள், நின்றுகொண்டிருக்கும்போது சொன்னால் கேட்க மாட்டார்கள். இளைஞர் கூட்டமாகப் போகாமல் இரண்டு பெரியவர்கள் பகலில் போய்ப் பேச வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் பேச்சு தணிவாகப் போகும். பலகை கிழிக்கப்பட்டிருந்தால் படம் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சண்டை தெருவில் தொடங்குவதைவிட ஸ்டேட்டஸில் தொடங்குவதே இப்போது அதிகம்.

சாதி, இனம், மொழி, பிறந்த இடத்தைச் சொல்லிப் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டு இடத்தில் என்றால் ஐந்து ஆண்டு வரை. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். பலகையில் படம் போட்டுக்கொண்ட கல்லூரிப் பையன்கள் பெயர்தான் முதலில் வழக்கில் ஏறும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பலகையின் அடியில் அனுமதி எண்ணையும் இறக்கும் தேதியையும் அச்சிடுங்கள். அதை அவிழ்ப்பதற்கு ஓர் ஆளைக் கட்டுகிற அன்றே பெயர் சொல்லி நியமியுங்கள், அவருக்கான கூலியை விழாக் கணக்கிலேயே எழுதி வையுங்கள்.