பிரீதர் பைப்பில் கை வைப்பதற்கு முன்

பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப் வழியாக வந்த எண்ணெய் அது. உடனே ஒருவர், "பிரீதரை வெளிய விட்டுருங்க சார், ஆயில் உள்ள போகாது" என்பார். இன்னொருவர் அந்த எண்ணெயை வழியிலேயே பிடித்து வைக்கும் கேட்ச் கேன் என்ற டப்பாவை மாட்டச் சொல்வார். கேட்ச் கேன் நல்ல சாமான்தான். ஆனால் எண்ணெய் ஏன் வருகிறது என்று பார்க்காமல் பைப்பை மாற்றுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு.

எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க் சுழலும் கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏற ஏற இதுவும் கூடும். பெட்ரோல் டர்போவில் இது வெளியேற இரண்டு வழி உண்டு. ஐடிலில் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயில்) இருக்கும் வேக்குவம், இந்த வாயுவுக்கென்றே உள்ள பிசிவி வால்வ் வழியாக இதை உறிஞ்சிக்கொள்ளும். பூஸ்ட் வந்ததும் மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடும். அப்போது அந்த வழியில் இருக்கும் ஒன்வே வால்வ் மூடிக்கொள்ள, வாயு டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்குப் போகும். பழைய டீசல்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி மட்டும்தான். ஆகவே டீசலுக்குச் செய்த வேலையைப் பார்த்துப் பெட்ரோலுக்கும் அப்படியே செய்யக் கூடாது.

என் வண்டி 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். கேட்ச் கேன் மாட்டிக் கொடுத்த இடத்தில், பழையது உடைந்திருக்கிறது என்று ஒன்வே வால்வையே விட்டுவிட்டார்கள். காளவாசல், பெரியார், சிம்மக்கல் என்று மதுரைக்குள் ஓட்டிய இரண்டு வாரமும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டவுன் நெரிசலில் பூஸ்ட் எங்கே வரப்போகிறது? வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறியபோதுதான் தெரிந்தது. சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வரை பூஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து நேராக கிராங்க்கேஸுக்குள் போயிருக்கிறது. மேலே போய் பானட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் எழும்பி நிற்கிறது, கிராங்க்கின் பின்பக்கச் சீலில் எண்ணெய் வழிகிறது. அந்தச் சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஒரு சின்ன வால்வுக்காக.

டர்போவுக்கு வரும் கெடுதல் இதைவிடப் பெரியது. டர்போவுக்குப் போன எண்ணெய் தன் எடையால்தான் இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குத் திரும்பி வழிகிறது. அதைத் தள்ளிவிட பம்ப் கிடையாது. கிராங்க்கேஸில் அழுத்தம் நின்றால் அந்த எண்ணெய் வழியாது. டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகையாக வரும். "டர்போ போச்சு" என்று புதியது போடுவார்கள். அதுவும் புகைக்கும். குற்றம் அடைத்த பிரீதரில் இருக்கும்போது எத்தனை டர்போ மாற்றினாலும் பயனில்லை. பிரீதர் வாயில் போல்ட் வைத்து அடைப்பது, ஒரிஜினலை விட மெல்லிய ஓஸ் போடுவது இரண்டுமே இங்கேதான் கொண்டுவந்து விடும்.

ஓஸ் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். தண்ணீர் ஓஸ் எண்ணெயில் ஊறி இளகி, வேக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான நீல சிலிகான் ஓஸும் எண்ணெய்க்கு ஏற்றதல்ல, நாளடைவில் வியர்க்கும். எண்ணெய் தாங்கும் ரப்பர் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். அது நடுவில் தொங்கவும் கூடாது. தொங்கிய இடத்தில் எண்ணெய் நின்று வழியை மறிக்கும். கேனும் வெறும் டப்பாவாக இருந்தால் பயனில்லை. உள்ளே தடுப்போ கம்பி வலையோ இருந்தால்தான் எண்ணெய்த் துளி அதில் மோதிக் கீழே தங்கும்.

சின்ன ஃபில்டர் வைத்து வெளியே விடுவதை நான் ஏற்க மாட்டேன். பெட்ரோலில் பிசிவி பக்கம் அப்படியே இருந்தால், அந்த ஃபில்டர் வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போய் ஐடில் தடுமாறும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது நச்சு வாடை கேபினுக்குள் வரும், பக்கத்தில் பைக்கில் குழந்தையோடு நிற்பவருக்கும் போகும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழும் வரும்.

டீசல் வைத்திருப்பவர்கள் கேன் நிறையும் வரை ஒருநாளும் விடாதீர்கள். நிறைந்த எண்ணெய் இன்டேக்கில் கொட்டினால் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விட்டு அமர்த்த வேண்டும்.

சரி, முதலில் என்ன பார்ப்பது? சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, வாய்மேல் ஒரு தாளை வையுங்கள். பெட்ரோலில் தாள் லேசாக ஒட்ட வேண்டும். டீசலில் கொஞ்சம் ஊதுவது சகஜம். தாளைத் தூக்கி எறிந்தால் சந்தேகப்படுங்கள். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். அதை யு வடிவில் தொங்கவிட்டுப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் செருகுங்கள். இரு பக்க நீர்மட்டத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 10 மில்லிபார். டியூப் நீளமாக இருக்கட்டும், தண்ணீர் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டுவிடக் கூடாது. அழுத்தம் தெரிந்தால் முதலில் பிசிவி வால்வும் பைப்பும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அவை சுத்தமாக இருந்தும் அழுத்தம் இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அதைக் கேட்ச் கேன் சரிசெய்யாது.

மாட்டிய பிறகு முதல் மாதம் வாரம் ஒருமுறை கேனைத் திறந்து பாருங்கள். கொடைக்கானல் குளிரில் ஓரிரவு நிறுத்தி வந்த பிறகு உள்ளே பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், குளிர்ந்த நீராவி எண்ணெயோடு கலந்தது அது. ரேடியேட்டர் தண்ணீர் குறையாத வரை ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்காதீர்கள். அந்தக் கசடைத் திரும்ப இன்ஜினில் ஊற்றவும் வேண்டாம், வாய்க்காலில் கொட்டவும் வேண்டாம். ஒரு கேனில் சேர்த்து வைத்து, அடுத்த ஆயில் மாற்றும்போது கழிவு எண்ணெயோடு கொடுத்துவிடுங்கள்.