சுற்றுச்சூழல் வழக்கு கிணற்றடியில் தொடங்குகிறது: இளம் வழக்கறிஞர்களுக்கு

சுற்றுச்சூழல் வழக்குகளில் ஈடுபட விரும்பும் இளம் வழக்கறிஞர், தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை முதலில் முழுமையாகப் படிக்க வேண்டும். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கோட்பாட்டுக்காகவே எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்; தொழில் கற்க வருபவருக்குப் பயன்படுவது அதன் முற்பகுதி. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதும் அங்கேதான் பதிவாகியுள்ளன. யாரோ வெயிலில் நடந்து கிணறுகளை எண்ணியதால்தான் அந்த வழக்கு நின்றது என்பது என் கருத்து.

ஆகவே கட்சிக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து குறைகளைச் சொன்னால், மனு எழுத உட்காராமல் ஊருக்குப் புறப்படுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் சர்வே எண், ஆழம், ஆலையிலிருந்து உள்ள தொலைவு, நீரைக் குடிப்பதை நிறுத்திய ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதிவாகும் அடங்கல் கணக்கின் பத்தாண்டு நகல் கேளுங்கள். நெல் என்றிருந்த இடத்தில் சில ஆண்டுகளில் தரிசு என்று மாறியிருந்தால், எந்தச் சொற்பொழிவும் அந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது. நீங்களே தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், ஆனால் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழான வழக்கில் அது சான்றாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அச்சட்டம் சொல்லும் முறைப்படி எடுத்த மாதிரியே அங்கு செல்லுபடியாகும். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பதால், அங்கே உங்கள் ஆய்வறிக்கை நேரடி ஆய்வுக்கு உத்தரவிடக் கோருவதற்குப் பயன்படும்.

அடுத்து, ஆலை இயங்க வாரியம் அளித்த அனுமதியான இசைவாணையையும் ஆய்வு அறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெற வேண்டும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பலான பதிலே வரும். இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

இளையவர்கள் அதிகம் தவறுவது கால வரம்பில். 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, வழக்குக்குரிய காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. இழப்பீடு கோரினால் ஐந்து ஆண்டுகள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்கோ முப்பதே நாள்கள், அதன் மேல் 60 நாள் சலுகை. ஊர்க்காரர்கள் "பல வருஷமாக இப்படித்தான்" என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே பிரமாண வாக்குமூலத்தில் எழுதிவிட்டு, முதல் விசாரணையிலேயே காலதாமதம் என்ற ஆட்சேபணையில் சிக்கிக்கொள்வதுண்டு. எந்த நாளில் எது நடந்தது என்பதை எழுதுவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

புதிய திட்டமானால், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே ஊருக்குச் சென்று, தமிழில் உள்ள மதிப்பீட்டு அறிக்கைச் சுருக்கத்தை மக்களோடு உட்கார்ந்து படியுங்கள். ஆட்சேபணைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழில் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை யாரும் கலையக் கூடாது, ஏனெனில் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லும் தருணம் அதுதான்.

இனி வயிற்றுப்பாடு. வேலூர் வழக்கில் வாதாடிய எம்.சி. மேத்தாவுக்குச் சட்டக் கட்டணமாகவும் கைச்செலவுக்காகவும் 50,000 ரூபாய் தருமாறு மாநில அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா வழக்கிலும் அப்படி நடக்கும் என்று நம்பி வாடகைக்கு வீடு பார்க்க முடியாது. உரிமையியல் வழக்குகளை விடாமல் நடத்துங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். அதே ஊர் ஆலை உரிமையாளர் ஒரு சாதாரண வாடகை வழக்கோடு வந்தாலும், வக்காலத்தில் கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் கிணற்று நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.